என் பக்கத்து பிரேக்

பிப்ரவரி 2

ஆபீசர் அம்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

போன் செய்தால், "ஆபீஸ்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீஸில் யார் இருப்பார்கள், நீயும் வாட்ச்மேனும்தானா? அதனால்தான் தபால். வந்த காகிதத்துக்குப் பதில் போடாமல் உன்னால் இருக்க முடியாது. அது உன்னைப் பிடித்த வியாதி. எனக்கு இப்போது அது வசதியாகப் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் புது வண்டி வாங்கிவிட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த பழைய வேனை, "நீங்களே எடுத்துக்கோங்கம்மா, வேற யார் தொட்டாலும் அது ஸ்டார்ட் ஆகாது" என்று முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். எல் போர்டைக் கழற்றிவிட்டேன். என் பக்கத்து பிரேக்கை மட்டும் கழற்றவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர்கள் உட்காரும் இடது சீட்டில், காலுக்கடியில் இருக்குமே, அது. வண்டி வாசலில் நிற்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் என்னையே பார்க்கிறது.

இந்த வண்டியில் ஒரு பெரிய பயணம் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். உன் அண்ணன் மாதம் இரண்டு தடவை லாரி ஓட்டிய ரோடு. இங்கிருந்து மேட்டு நிலம், உப்பு வெளி, சிவப்பு மலை, கணவாய், அதற்கப்புறம் இறக்கம், வடக்குத் துறைமுகம். பதினேழு வருஷம் ஒவ்வொரு தடவையும் வந்து அதைப் பற்றியே பேசினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே ரோட்டில்தான் போனார். நான் அதில் ஒரு அடி கூடப் பார்த்ததில்லை.

நீ சாலை அலுவலகத்தில் இருக்கிறாய். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் உன் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். நாள் வாரியாக எங்கே தங்குவது, எங்கே பெட்ரோல், எங்கே தண்ணீர் என்று ஒரு திட்டம் போட்டுக் கொடு. அதோடு நீயும் வா.

அவர் காரியம் முடிந்த பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவே இல்லை. ஏன் என்று இப்போது கேட்கவில்லை. திட்டம்தான் கேட்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 9

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

பொருள்: தரைவழிப் பயணம், பதினான்கு நாட்கள், திட்டம் அனுப்புதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் கடிதம், பிப்ரவரி 2.

பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமென்று பார்த்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். கணவாயில் பனி உருகி, லாரி தவிர மற்ற சிறு வண்டிகளுக்கும் வழி திறக்க ஏப்ரல் கடைசி ஆகிவிடும். மே முதல் வாரம் கிளம்பலாம்.

நான் அந்தச் சாலையைப் பார்த்ததில்லை, அண்ணி. உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மூன்றாவது மாடியில் உட்கார்ந்து அதைப் பற்றி வரும் புகார்களைப் பதிவு செய்து, வரிசைப்படுத்தி, பட்டியல் போட்டு மேலே அனுப்புகிறேன். என் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதனால் எனக்குத் தெரிந்த இயற்கைக் காட்சியெல்லாம் புகார் வழியாகத் தெரிந்ததுதான்.

உதாரணமாக, மூன்றாம் நாள் உப்பு வெளி. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கண் கூசுகிறது, எது சாலை எது வெளி என்று தெரியவில்லை என்று ஓட்டுநர் சங்கம் நான்கு தடவை எழுதியிருக்கிறது. ஆகவே அதைக் காலை பத்துக்குள் கடக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஆழமில்லாத ஓர் ஏரி. அங்கே நீண்ட கால் பறவைகள் நடுச்சாலையில் நிற்கின்றனவாம். "ஹாரன் அடித்தால் பறக்காமல் முறைக்கின்றன, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பறவைகள் மீது என்ன நடவடிக்கை எடுப்பது என்று தெரியாமல் அந்தக் கோப்பு இன்னும் திறந்தபடியே இருக்கிறது. ஏழாம் நாள் சிவப்பு மலை. அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் நெரிசல் என்று வருஷத்துக்கு ஒரு டஜன் கடிதம். அவ்வளவு பேர் புகார் செய்கிறார்கள் என்றால் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் நாள் கணவாயிலிருந்து இறங்கியதும் இடது பக்கம் பிரிந்து பெரிய ஏரிக்கரை வழியாகப் போகும்படி போட்டிருக்கிறேன். நூற்று நாற்பது கிலோமீட்டர் கூடுதல். ஆனால் காட்சி நன்றாக இருக்கும்.

இரண்டு ஸ்டெப்னி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, இழுவைக் கயிறு ஆகியவை அவசியம். பட்டியல் தனித்தாளில்.

வருவதைப் பற்றி, விடுமுறைக்கு விண்ணப்பித்துப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

ஆபீசர் அம்மாவுக்கு,

'மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு' என்பதைப் படித்துவிட்டு எனக்கு ஏதோ சஸ்பெண்ட் ஆர்டர் வந்திருக்கிறதோ என்று பயந்துவிட்டேன். ஆனால் முறைக்கும் பறவைகளுக்காக உன்னை மன்னித்தேன். எங்கள் ஸ்டூடண்ட் பல் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் நாலு தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றவள். பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்குகிறது. "மேடம், நானும் வரட்டுமா?" என்கிறாள். வண்டியில் ஒரு எல் போர்டு போதும், அது என் நாத்தனாருக்கே சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா, கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேனே. நாலே நாலு பாடம். ஐந்தாம் நாள் தெருக்கோடித் தபால் பெட்டியில் முட்டிவிட்டு, இறங்கி, அதனிடம் ஸாரி சொல்லிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாய். உன் அண்ணன் ஒரு வாரம் சிரித்தார். "அவ மனுஷங்ககிட்டகூட அவ்வளவு மரியாதையா பேசமாட்டா" என்று.

வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்கிற மாதிரி பலகை போட்டாயிற்று. மெத்தையை நானே கத்தரித்தேன். ஒரு பக்கம் நாலு விரல் குறைந்துவிட்டது. அந்தப் பக்கம் உனக்கு. நீதான் குள்ளம்.

ஒன்பதாம் நாள் விஷயம் எனக்குப் புரியவில்லை. வரைபடத்தில் பார்த்தேன். கணவாயிலிருந்து நேராக இறங்கினால் இருபத்தெட்டு கிலோமீட்டரில் சமவெளி. நீ எதற்காக ஏரியைச் சுற்றி அழைத்துப் போகிறாய்? உன் அண்ணன் அந்த ஏரிப் பக்கம் போனதே கிடையாது. ஏரிதான் ஐந்தாம் நாளே ஒன்று பார்த்துவிடுகிறோமே.

அண்ணி


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணி,

நேர்வழியில், மலைப் பிரிவின் தனிக் கணக்கில் கி.மீ. 320-ல், சிறு பாலம் பழுது பார்க்கப்படுகிறது. ஒற்றைவழிப் போக்குவரத்து. கோப்பு எண் 44. காத்திருக்கும் நேரம் இரண்டு மணி வரை ஆகலாம் என்பதால் மாற்றுவழி.

மேலும் அந்தப் பெரிய ஏரி வேறு மாதிரி. ஐந்தாம் நாளைய ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர்தான். இது ஆழம். காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக இருக்குமாம். கரையில் மூன்று வீடுகள் மட்டும். அங்கே இருப்பவர் ஒருவர் வருஷம் தவறாமல் எழுதுவார், தன் வீட்டைத் தாண்டும்போது லாரிகள் வேகத்தைக் குறைப்பதில்லை, தூசி வந்து துவைத்த துணியெல்லாம் வீணாகிறது என்று. எழுதி எழுதி இப்போது கடைசியில், "நீங்கள் நலமா?" என்றும் ஒரு வரி சேர்க்கிறார். அவரைப் பார்க்கலாமென்று நினைத்தேன்.

நடக்கிற மாதிரி காலணி ஒன்று வாங்கினேன். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன். கீழ் வீட்டுக்காரர் வந்து மேலே ஏதாவது வேலை நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விடுமுறை விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் தொடர்ச்சியாகப் பதினான்கு நாள் கேட்பது இதுதான் முதல் தடவை. சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். "இல்லை சார், ஊர் சுற்ற" என்றேன். அவர் அதை நம்பவில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 5

ஆபீசர்,

பெட்ரோல் பங்க்கில் உன் அண்ணனோடு ஓட்டியவர்கள் இரண்டு பேர் இன்னும் வருவார்கள். கேட்டேன். பாலமும் இல்லை, பழுதும் இல்லை. "போன வாரம்தானே வந்தோம், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்கள்.

உனக்குப் பொய் சொல்லவே வராது. பொய்க்கும் ஒரு கோப்பு எண் போட்டு அனுப்புகிறாய்.

நீ எதைச் சுற்றிப் போகப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். கி.மீ. 318. கணவாயிலிருந்து இறங்கும்போது வரும் மூன்றாவது வளைவு. போலீஸ் காகிதத்தில் அந்த எண்தான் போட்டிருந்தார்கள். நான் மறப்பேனா? அங்கே போய் நிற்பதற்காகத்தான் இந்தப் பயணமே. உப்பு வெளி, பறவை எல்லாம் வழியில் வருவது.

சரி. நீ பொய் சொன்னதற்கு நான் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

சிரிக்காதே. ஸ்கூலிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரி ரோடு, தண்ணீர் டாங்க், ரயில்வே கேட், திரும்ப ஸ்கூல். நாலு கிலோமீட்டர். இருபத்தாறு வருஷமாக அந்த நாலு கிலோமீட்டர்தான் சுற்றுகிறேன். அதுவும் இடது சீட்டில். மூன்றாவது கியருக்கு மேல் போனதில்லை. நான் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கெங்கோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ரயில்வே கேட்டைத் தாண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு ஹைவேயில் ஏறினேன். நாலாவது கியர் போட்டேன். பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனது. வண்டி ஆடியதா நான் ஆடினேனா தெரியவில்லை. பதினொரு கிலோமீட்டர் போய், ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புடவை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்புறம் அதே பதினொரு கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.

உன் அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார். "ஒரே ஒரு ட்ரிப் வா. நான் ஓட்டறேன், நீ வேடிக்கை பாரு." ஒவ்வொரு தடவையும், "ஸ்டூடண்ட் இருக்கு" என்றேன். ஸ்டூடண்ட் இல்லாத நாளிலும் அதைத்தான் சொன்னேன். பயம் என்று சொல்ல வெட்கம். ஊருக்கே டிரைவிங் டீச்சர் ஆயிற்றே. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது சொல்லிவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் கூட்டிக் கூட்டி ஓட்டிப் பழகுகிறேன். மே மாதத்துக்குள் வந்துவிடும்.

இனி உன் முறை. ஆறு வருஷமாக நீ ஏன் வரவில்லை?

அண்ணி


மார்ச் 24

ஆபீசர்,

பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. உன் ஆபீஸ் சட்டப்படி பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய்.

நான் இன்று அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும் என்பது சரிதான். நான் எதையும் தாமதப்படுத்தியதில்லை. ஒரே ஒரு காகிதத்தைத் தவிர. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஏழு தாள் கிழித்துவிட்டேன். இதை எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், அண்ணன் போன அந்த வருஷம், ஜனவரி 11-ம் தேதி, தபாலில் ஒரு புகார் வந்தது. உறையைப் பார்த்ததும் உங்கள் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. உள்ளே நீங்கள் எழுதி, கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். கி.மீ. 318, இறக்கத்தில் வெளிப்பக்கம் நான்கு தடுப்புக் கற்கள் விழுந்துவிட்டன, மழைக்காலத்துக்கு முன் நட வேண்டும் என்று. ஒரே பக்கம். தெளிவாக இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டுக் காகிதம் என் மேஜைக்கு வந்திருக்கிறதே என்று. அப்புறம் பயம் வந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் பழைய சூப்பிரண்டு தன் மச்சான் கொடுத்த மனுவை முன்னால் தள்ளினார் என்று எழுந்த பேச்சில் மாற்றலாகிப் போயிருந்தார். ஆபீஸே அதைப் பேசியது. என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்குப் பெருமை. எனக்கு வேறு என்ன பெருமை இருந்தது, அண்ணி?

வந்த வரிசையில் வைத்திருந்தால் போதும். அது மார்ச் பட்டியலில் போயிருக்கும். நான் வரிசையிலும் வைக்கவில்லை. சொந்த அண்ணன் புகார் என்று தெரிந்தால் பேச்சு வருமே என்று, அதற்குப் பிறகு வந்த ஒன்பது புகார்களை அதற்கு முன்னால் வைத்தேன். மார்ச் பட்டியல் அந்த ஒன்பதோடு நிறைந்துவிட்டது. அண்ணனுடையது ஜூன் பட்டியலுக்குப் போயிற்று. என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது நன்றாக இருந்தது என்று கூட ஞாபகம் இருக்கிறது.

மார்ச் பட்டியல் வேலைகள் மே மாதத்தில் முடிந்தன. அண்ணன் போனது ஜூன் 4. விபத்துக்குப் பிறகு அவசரமாகக் கல் நட்டது ஜூன் 23. அந்த வேலை முடிந்த சான்றிலும் நான்தான் எண் போட்டேன்.

காரியத்துக்கு உங்கள் வீட்டில் இருந்த நாட்களில், சமையலறைக் காலண்டரில் நீங்கள் எழுதி வைத்த பால் கணக்கு, கேஸ் தேதி எல்லாம் அதே கையெழுத்தில் இருந்தன. எங்கே திரும்பினாலும் அந்தக் கையெழுத்து. நீங்கள் என் தலையைத் தடவி, "அழுதுடு, அடக்கி வைக்காதே" என்றீர்கள். உங்கள் கை என் மேல் படும்போது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அதனால்தான் வரவில்லை. இப்போது உறையில் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதும் உடனே பிரிக்க முடிவதில்லை. ஒரு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

கல் இருந்தால் லாரி நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நின்றிருக்காது என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆறு வருஷமாக இந்த இரண்டு வாக்கியங்களோடுதான் சாப்பிட்டு, தூங்கி, ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் நாளைத் திருத்தி, 318 வழியாகவே போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பல் டாக்டரம்மாவை அழைத்துப் போங்கள். நான் விடுமுறை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாத்தனார் என்று கையெழுத்துப் போடவும் தயக்கமாக இருக்கிறது.


ஏப்ரல் 6

ஆபீசருக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாளாயிற்று. முதல் மூன்று நாள் நான் நல்ல மனுஷியாக இல்லை. வாசலில் நின்ற வேனின் கதவை ஓங்கி அறைந்து சாத்தியதில் கண்ணாடி இறங்குவதே இல்லை இப்போது. ரிவர்ஸ் எடுக்கும்போது பல் டாக்டரம்மா தப்பு செய்தாள் என்று திட்டினேன். அவள் நடுரோட்டில் அழுதுவிட்டாள். தப்பே செய்யவில்லை பாவம். ஒன்பது புகார் என்று எழுதினாயே, அந்த ஒன்பது என்ன என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். எவனோ ஒருத்தன் வீட்டு முன்னால் தண்ணீர் தேங்குகிறது என்றிருப்பான். அதற்குப் பின்னால் நின்றதா என் புருஷன் உயிர்?

நாலாம் நாள் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் புகாரை நான்தானே எழுதினேன். உன் ஆபீஸுக்குப் போனது எனக்குத் தெரியும். அது என்ன ஆயிற்று என்று மட்டும் தெரியாது. நீயாகச் சொல்வாய் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். நான் கேட்டு நீ சொல்வது வேறு, நீயாகச் சொல்வது வேறு.

ஆனால் எழுதிய அன்று நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. இதே மேஜையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும், "எதுக்கு இந்தத் தபால், உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சு போச்சு" என்றேன். அவர், "வேண்டாம். அவ ஆபீஸ்ல தலை நிமிர்ந்து இருக்கா. நான் போன் பண்ணி அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது. எல்லாரையும் போல நம்மளும் முறையா அனுப்புவோம். அவ பார்த்துக்குவா" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வெளியே போனதும் போனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். புருஷன் வேண்டாம் என்றதைச் செய்வானேன் என்று.

ஆக, அவர் உன் மரியாதைக்காகப் பார்த்தார். நான் அவர் பேச்சுக்காகப் பார்த்தேன். நீ ஆபீஸுக்காகப் பார்த்தாய். மூன்று பேரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டோம். அந்த போனை ஏன் வைத்தேன் என்று நானும் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வராததும் ஒரு விதத்தில் எனக்கு நல்லதாகப் போயிற்று. வந்திருந்தால் இதை நானும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பாதி மன்னித்திருக்கிறேன். மீதியை வண்டியில் பார்த்துக்கொள்ளலாம். பதினாலு நாள் இருக்கிறது. வழியெல்லாம் சண்டை போடுவேன், நீ கேட்டுக்கொண்டு வர வேண்டும். நீயும் பதிலுக்குப் போடு. எனக்கு வீட்டில் சண்டை போட ஆள் இல்லாமல் போய் ஆறு வருஷமாகிறது. அதற்கு ஒரு பல் டாக்டர் போதாது.

முக்கியமான விஷயம் இதுதான். நேற்று ஒரே நாளில் நான் ஓட்டியது நூற்றுப் பத்து கிலோமீட்டர். சமதளத்தில் ஓட்டிவிடுவேன். மலை இறக்கத்திலும் ஓட்டலாம். ஆனால் 318 வந்தால் எனக்குக் கண் இருட்டிவிடும். எனக்கு என்னைத் தெரியும். அங்கே ஸ்டியரிங் என் கையில் இருக்கக் கூடாது.

அங்கே நீ ஓட்ட வேண்டும்.

பயப்படாதே. பயப்பட்டாலும் பரவாயில்லை, அதுதான் எனக்கு வேண்டியது. பக்கத்தில் ஒருத்தி நடுங்கிக்கொண்டு ஓட்டினால் எனக்கு என் பயம் மறந்துவிடும். இருபத்தாறு வருஷமாக என் வேலையே அதுதான். கியரைக் குறை, இடது பக்கம் ஒட்டி வா, ஹாரன் அடி, முன்னால் பார், பள்ளத்தைப் பார்க்காதே. இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தால் அந்த வளைவு தாண்டிவிடும். தாண்டியதும் ஓரமாக நிறுத்து. இறங்கி இரண்டு பேரும் அந்தக் கல்லைப் பார்ப்போம். நீ எண் போட்ட கல்.

என் கால் என் பக்கத்து பிரேக்கிலேயே இருக்கும். இந்த வண்டியில் நீ தப்பு செய்தாலும் நிற்கும்.

எல்.எல்.ஆர். எடு. நாலு பாடம் ஏற்கெனவே முடித்திருக்கிறாய். மீதியை முதல் எட்டு நாளில் சொல்லிக்கொடுக்கிறேன். உப்பு வெளியில் தபால் பெட்டி எதுவும் கிடையாது.

அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே பிரித்தேன்.

எல்.எல்.ஆர். நேற்று எடுத்தேன். கண் பரிசோதனையில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்த பெண், "பார்வை சரியில்லையா?" என்று கேட்டாள். பார்வை சரியாக இருக்கிறது, இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்றேன். கொடுத்தாள்.

விடுமுறை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போனபோது சூப்பிரண்டு அதில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்தான காகிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது விதி. அன்று அந்த விதியை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அதுவும் நல்லதற்குத்தான் என்று படுகிறது.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். அந்த ஜனவரி புகாரை நான் வரிசை மாற்றியதை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன ஆகும் என்று தெரியாது. ஏதாவது ஆகட்டும் என்றுதான் இருக்கிறது.

அண்ணன், "அவ பார்த்துக்குவா" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்துக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். நீங்கள் போனை எடுத்து வைத்ததையும் படித்தேன்.  நேரில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மே 2, காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் இருப்பேன். மெத்தையில் குறைந்த பக்கம் எனக்கே இருக்கட்டும். சண்டைக்கும் தயாராக வருகிறேன்.

திட்டத்தின் இறுதி வடிவம் தனித்தாளில். ஒன்பதாம் நாள் மட்டும் இங்கேயும் எழுதுகிறேன்.

கணவாயிலிருந்து சமவெளி வரை, நேர்வழி. கி.மீ. 311-ல் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் மாற்றம். கி.மீ. 311 முதல் 318 வரை ஓட்டுபவர்: நான். அங்கே நிற்கும் நேரம்: குறிப்பிடப்படவில்லை.

கிளம்புவதற்கு முன் உங்கள் பக்கத்து பிரேக்கை ஒரு தடவை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்